கோட்டையும் குத்தகையும்: கிண்டெய்ல் நிலப்பகுதியில் அரசும் குலக்குழுவும் (1715–1726)

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மூன்று கடற்கழிகள் ஒன்றுகூடும் இடத்தில் சிறு திட்டு ஒன்று உள்ளது. ஓதம் ஏறும்போது அது தீவாகும். வற்றும்போது கரையோடு ஒட்டிக்கொள்ளும். அத்திட்டின் மேல் எய்லன் டோனன் கோட்டை நிற்கிறது. நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் நம்மில் பலர் இக்கோட்டையின் படத்தைக் கண்டிருக்கக் கூடும். ஆயினும் நாம் காண்பது 1932ஆம் ஆண்டில் நிறைவுற்ற மறுகட்டுமானமே. அதற்கு முன் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் அங்கு இருந்தவை இடிந்த சுவர்கள் மட்டுமே. 1719ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் பிரித்தானிய அரசின் மூன்று போர்க்கப்பல்கள் அக்கோட்டையைப் பீரங்கியால் தாக்கிக் கைப்பற்றின. பின்னர் வெடிமருந்து வைத்து அதனைத் தகர்த்தன.

கோட்டையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் இந்நிகழ்வோடு நின்றுவிடுகின்றன. கிளர்ச்சியாளரின் அரண் வீழ்ந்தது. ஆகவே அப்பகுதி அரசின் கைக்கு வந்தது என்னும் எண்ணமே படிப்போர் மனத்தில் எஞ்சுகிறது. இவ்வெண்ணம் சரியன்று என்பது நம் கருத்து. கோட்டையை வீழ்த்த அரசுக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அக்கோட்டையைச் சூழ்ந்த நிலத்திலிருந்து குத்தகைப் பணம் பெறவோ ஆறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயின. அதுவும் வாளால் ஆகவில்லை, உடன்பாட்டினால் ஆயிற்று. இவ்விரு கால அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எதனால் ஏற்பட்டது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

குலக்குழுவும் நிலமும்

ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தின் ‘கிளான்’ என்னும் அமைப்பைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்பதே முதற்சிக்கல். கேலிக் மொழியில் இச்சொல் ‘மக்கள்’, அதாவது பிள்ளைகள் என்று பொருள்படும். ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் என்னும் நம்பிக்கை இதில் அடங்கியுள்ளது. ஆயினும் இதனைச் சாதி என்றோ குலம் என்றோ நேராகப் பெயர்த்தல் பிழையாகும். ஒரு தலைவரின் கீழ் வேற்றுப் பெயர் கொண்ட குடும்பங்கள் பலவும் வாழ்ந்தன. அவரது நிலத்தை உழுதன. அவர் அழைத்தபோது படைக்கலம் ஏந்தின. ‘குலக்குழு’ என்னும் சொல்லையே இங்கு ஆள்கிறோம். அதுவும் முற்றப் பொருந்துவதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கிண்டெய்ல் மெக்கன்சிக் குலக்குழுவின் பழைய நிலம். அதன் தலைவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் சீஃபோர்த் பிரபு என்னும் பட்டம் பெற்றனர். தலைவரின் மாளிகை கிழக்கே, செழிப்பான சமநிலப் பகுதியிலுள்ள பிரஹானில் இருந்தது. மேற்கே எய்லன் டோனனைக் காத்துவந்தவர்கள் மெக்கன்சிகள் அல்லர், மெக்ரேக்கள். இவர்களை மெக்கன்சியின் இரும்புக் கவசம் என்று அயலார் அழைத்தனர். பெயர் வேறாயினும் பிணைப்பு இறுகியது என்பதற்கு இவ்வழக்கே சான்று.

இப்பிணைப்பு நிலத்தின்மேல் அமைந்தது. தலைவர் நிலத்தைத் தம் உறவினரான நடுத்தரக் குத்தகைதாரர்களுக்கு அளித்தார். அவர்கள் உழுகுடிகளுக்குப் பிரித்தளித்தனர். குடிகள் கொடுத்தது பணம் மட்டுமன்று. மாடும் வெண்ணெயும் பாலடைக்கட்டியும் உடலுழைப்பும் குத்தகையின் கூறுகளாயின. அழைக்கும்போது போருக்குச் செல்லும் கடமையும் எழுதப்படாத குத்தகையாகவே இருந்தது எனலாம். தலைவர் தம் குடிகளுக்கு நீதி வழங்கும் உரிமையையும் மரபுவழியில் பெற்றிருந்தார். நிலவுடைமை, படை, நீதி ஆகிய மூன்றும் ஒருவர் கையில் இருந்தன. இதை மனத்தில் கொண்டாலன்றிப் பின்வரும் நிகழ்வுகள் விளங்கா.

1715ஆம் ஆண்டும் அதன் பின்விளைவும்

1714இல் ஹனோவர் வழியினரான முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். நீக்கப்பட்ட ஸ்டூவர்ட் மரபினரை ஆதரித்தோர் ஜேக்கபைட்டுகள் எனப்பட்டனர். 1715இல் மார் பிரபுவின் தலைமையில் அவர்கள் எழுந்தபோது, ஐந்தாம் சீஃபோர்த் பிரபுவாகிய வில்லியம் மெக்கன்சியும் தம் குடிகளுடன் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் ஷெரிஃப்மியூர் என்னுமிடத்தில் நடந்த போரில் கிண்டெய்ல் மெக்ரேக்கள் பலர் மாண்டனர். கிளர்ச்சி அடங்கியது. சீஃபோர்த் பிரான்சுக்குத் தப்பினார். நாடாளுமன்றம் அவரைத் துரோகியென அறிவித்துப் பட்டத்தையும் உடைமையையும் பறித்தது.

அரசு அடுத்து எடுத்த நடவடிக்கைகளில் இரண்டு நமக்கு இன்றியமையாதவை. ஒன்று, படைக்கலப் பறிமுதல். 1716இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒப்படைக்கும் கருவிகளுக்கு இழப்பீடு தருவதாகக் கூறிற்று. அரசுக்கு நட்பான குலக்குழுக்கள் நல்ல கருவிகளைக் கொடுத்தன. பகையானவை துருப்பிடித்தவற்றைக் கொடுத்துப் பணம் பெற்றன. சட்டத்துக்குப் பணிந்தவரே வலுவிழந்தனர். இரண்டாவது, பறிக்கப்பட்ட நிலங்களை விற்றுப் பணமாக்க 1716இல் அமைக்கப்பட்ட ஆணையம். இதன் உறுப்பினர்களுள் ஒருவர் கட்டுரையாசிரியர் ரிச்சர்டு ஸ்டீல் என்பதை ஆங்கில இலக்கியம் பயின்றோர் வியப்புடன் நோக்குவர். ஆணையத்தின் கணக்கேட்டில் கிண்டெய்ல் மன்னரின் சொத்து. கிண்டெய்லில் அக்கணக்கேட்டை மதிப்பார் இல்லை.

1717இல் அரசு நான்கு இடங்களில் படைக்குடியிருப்புகள் கட்ட ஆணையிட்டது. அவற்றுள் ஒன்றான பெர்னெரா, கிண்டெய்லுக்குத் தெற்கே, ஸ்கை தீவுக்குச் செல்லும் குறுகிய நீரிணையை நோக்கிய கிளெனெல்கில் அமைந்தது. ஆனால் பணி நிறைவுற 1723 ஆயிற்று. அதற்குள் வேறொரு கிளர்ச்சியே வந்து போய்விட்டது.

ஒரு நாளில் வீழ்ந்த அரண்

1719ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஸ்பெயினின் உதவியால் எழுந்தது. பிரித்தானியாவுடன் போரிலிருந்த ஸ்பெயினின் அமைச்சர் கர்தினால் அல்பெரோனி, சுமார் 5,000 வீரர்களை இங்கிலாந்தில் இறக்கத் திட்டமிட்டார். ஸ்காட்லாந்துக்கு இரண்டு கப்பல்களில் 300 பேரளவிலான சிறு பிரிவு கவனத்தைத் திருப்புவதற்காக மட்டும் அனுப்பப்பட்டது. பெரிய கடற்படையைப் புயல் சிதறடித்தது. சிறிய பிரிவோ தப்பி வந்து லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயை அடைந்தது. (சீஃபோர்த் நிலத்தைச் சேர்ந்த இவ்வூரே, பின்னாளில் தென்னிந்தியச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய கர்னல் காலின் மெக்கன்சி பிறந்த ஊர். நாம் மெக்கன்சி சுவடிகள் என வழங்கும் தொகுப்பு அவருடையது.) பின்னர் அப்பிரிவு கிண்டெய்ல் கரைக்கு வந்து, எய்லன் டோனனை வெடிமருந்துக் கிடங்காக்கிக் கொண்டது. கிடங்கைக் காக்க நாற்பதுக்கு மேற்பட்ட ஸ்பானியர் நிறுத்தப்பட்டனர்.

நீரும் நிலமும் மலையும் காடும் அரணின் உறுப்புகள் என்பது தமிழ் மரபு. இவற்றுள் நீர் எய்லன் டோனனுக்குப் பல நூற்றாண்டுகள் காவலாக இருந்தது. தரைவழி வரும் பகைவர் அதனைத் தாண்ட இயலாது. ஆனால் கனத்த பீரங்கிகளைச் சுமந்த கப்பல்களுக்கு அந்நீரே வழியாயிற்று. ‘வூஸ்டர்’, ‘ஃபிளாம்பரோ’, ‘எண்டர்பிரைஸ்’ ஆகிய மூன்று கப்பல்கள் கடற்கழியுள் நுழைந்தன. வெண்கொடியுடன் அனுப்பப்பட்ட தூதரைக் கோட்டையிலிருந்து சுட்டு விரட்டினர். கப்பல்கள் குண்டுமாரி பொழிந்தன. மாலையில் படகுகளில் சென்ற வீரர்கள் கோட்டைக்குள் புகுந்தனர். அங்கிருந்த 343 பீப்பாய் வெடிமருந்தில் 27 பீப்பாய்களே சுவர்களைத் தகர்க்கப் போதுமானவையாக இருந்தன. கிளர்ச்சியாளரின் மருந்தே அவர்களது அரணை அழித்தது.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 10ஆம் நாள், அருகிலுள்ள கிளென்ஷீல் பள்ளத்தாக்கில் ஜெனரல் வைட்மன் கிளர்ச்சிப்படையைத் தோற்கடித்தார். ஸ்பானியர் மறுநாள் சரணடைந்தனர். காயமுற்ற சீஃபோர்த் மீண்டும் கண்டம் கடந்தார். வெற்றிக்குப் பின் வைட்மனின் படை கிளர்ச்சியில் சேர்ந்தோரின் வீடுகளைத் தேடிக் கொளுத்திற்று. தலைவர் தப்பினார், வீடிழந்தவர்கள் குடிகளே. கோட்டை வீழ்ந்த கதையைச் சொல்வோர் இவ்வீடுகளை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

மர்ச்சிசனின் குத்தகை ஏடு

அரசின் கண்ணில் இப்போது கிண்டெய்ல் பாதுகாக்கப்பட்ட பகுதி. கோட்டை இல்லை, தலைவர் இல்லை, ஸ்பானியர் இல்லை. எஞ்சியது நிலத்தின் வருவாயைத் தண்டுவது மட்டுமே. ஆனால் வருவாய் அரசுக்கு வரவில்லை. அதனைத் தண்டி வந்தவர் டொனால்டு மர்ச்சிசன் என்பவர். லாக்கால்ஷைச் சேர்ந்த இவர் சீஃபோர்த்தின் நில மேலாளர். 1715இல் அவருடன் போருக்குச் சென்றவர். தலைவர் நாடுகடந்து வாழ்ந்த காலத்தில் இவர் ஆண்டுதோறும் குடிகளிடம் குத்தகை பெற்று, அப்பணத்தைப் பிரான்சுக்கு அனுப்பி வந்தார்.

இது ஒளிவு மறைவாக நடந்ததன்று. ஜெனரல் ஜார்ஜ் வேட் 1724இல் மன்னருக்கு அளித்த அறிக்கையில் இச்செய்தியை வெளிப்படையாகவே எழுதினார். மர்ச்சிசன் முந்தைய ஆண்டில் யாவரும் அறிய எடின்பரோ நகருக்கே சென்று 800 பவுனைத் தம் தலைவருக்கு அனுப்பினார் என்றும், அந்நகரில் பதினான்கு நாள் தங்கியும் எவரும் அவரைத் தொடவில்லை என்றும் வேட் குறிப்பிட்டார். அரசின் நீதிமன்றங்களும் படையும் இருந்த தலைநகரில் பறிமுதல் செய்யப்பட்ட சொத்தின் வருவாய் கைமாறியது. ஓர் அரசின் அதிகாரம் எங்கு முடிகிறது என்பதைக் காட்ட இதனினும் தெளிவான சான்று நாம் அறிந்த வரையில் அரிது.

ஆணையம் வாளாவிருக்கவில்லை. 1721இல் ஈஸ்டர் ஃபெர்ன் என்னும் இடத்தைச் சேர்ந்த வில்லியம் ராஸ் என்பவரையும் மற்றொருவரையும் இந்நிலங்களுக்கு மேலாளராக அமர்த்திற்று. அவர்கள் செப்டம்பரில் இன்வர்னெஸிலிருந்து ஒரு சிறு படைப்பிரிவின் துணையுடன் புறப்பட்டனர். கிண்டெய்லுக்குச் செல்லும் மலைவழியான கிளென் ஆஃப்ரிக்கில், அக்டோபர் 2ஆம் நாள், மர்ச்சிசனின் ஆட்கள் அவர்களை மறித்தனர். துப்பாக்கிச் சூட்டில் ராஸும் அவருடைய மகன் வால்டரும் காயமுற்றனர், மகன் இறந்தார். இரு தரப்பினரும் பேசி முடிவுக்கு வந்தனர். ராஸ் தம் நியமன ஆவணத்தை ஒப்படைத்து, இனி இந்நிலத்தில் மேலாளராகச் செயற்படுவதில்லை என்று உறுதியளித்துத் திரும்பினார்.

அம்மலைவழியில் கோட்டை ஏதும் இல்லை என்பதை இங்குக் கருதவேண்டும். அரசு தேடிச்சென்ற எதிரியிடம் பீரங்கி இல்லை, மதில் இல்லை. அவரிடம் இருந்தவை வழியை அறிந்த ஆட்களும் ஒரு குத்தகை ஏடும். மர்ச்சிசன் ராஸின் உயிரைக் கேட்கவில்லை, ஆவணத்தைக் கேட்டார் என்பது நம் கவனத்துக்குரியது. போராட்டம் எதைப் பற்றியது என்பதை அவர் அரசினும் தெளிவாக அறிந்திருந்தார். அடுத்த ஆண்டில் வேறொரு வழியாக அனுப்பப்பட்ட படையும் மோதலுக்குப் பின் திரும்பியதாக மேட்டுநில மரபு கூறுகிறது.

மர்ச்சிசனைப் பிற்காலத்தார் பற்றுறுதியின் வடிவமாகப் போற்றினர். கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் அவருக்கு நினைவுத்தூணும் எழுப்பப்பட்டது. இப்போற்றுதலை நாம் சற்று நிதானத்துடனேயே ஏற்கவேண்டும். மரபுக்கதைகள் குடிகளை மனமுவந்து கொடுத்தோராகக் காட்டுகின்றன. வேறொரு பக்கமும் இதற்கு உண்டு. சட்டப்படி அந்நிலம் மன்னருடையது. மர்ச்சிசனிடம் செலுத்திய குத்தகையை அரசு செலுத்தாத குத்தகையாகவே கருத முடியும். ஒரே ஆண்டுக்கு இருமுறை கொடுக்க நேருமோ என்னும் அச்சம், சில மாடுகளே உடைமையாகக் கொண்ட குடும்பத்துக்குச் சிறிய அச்சமன்று. மறுபுறம், அரசிடம் செலுத்திய குடியானவன் அண்டை வீட்டாரிடையே எவ்வாறு வாழ்ந்திருக்க முடியும்? பற்றுறுதியும் அச்சமும் கலந்தே அப்பணம் திரண்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

வேட் கண்ட வழி

அரசின் முயற்சி ஏன் பயன்தரவில்லை என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் வேட் எனலாம். மேட்டுநிலத்தில் படைக்கலம் ஏந்தக் கூடியோர் 22,000 பேர் என்றும், அவர்களுள் 12,000 பேர் அரசுக்கு எதிரானவர்கள் என்றும் அவர் மதிப்பிட்டார். இவை மதிப்பீடுகளே, எண்ணிக் கணக்கிட்டவை அல்ல. படைக்குடியிருப்புகள் ஒன்றிற்கொன்று தொலைவில் இருந்தன. இடையே சாலை இல்லை. படையினர் மலைவழி அறியாதவர்கள். குலக்குழுக்களின் நாட்டில் அரசின் படை தன் மதிலுக்குள் அடைபட்டிருந்தது. அரசு பிறருடைய கோட்டைகளை இடித்துத் தனக்குக் கோட்டைகள் கட்டிக்கொண்டதன் விளைவு இதுவே.

1725இல் புதிய படைக்கலச் சட்டம் வந்தது. சாலை அமைக்கும் பணியும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. வேட் காலத்தில் ஏறத்தாழ 250 மைல் சாலையும் 40 பாலங்களும் அமைந்தன என்பர். (1745இல் இச்சாலைகளை இளவரசர் சார்லஸின் கிளர்ச்சிப்படையும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.) புதிய சட்டத்தின்படி முதலில் அழைக்கப்பட்ட பெரிய குலக்குழு மெக்கன்சிகளே. இடம், பிரஹான் மாளிகை.

அவ்வாகஸ்டு மாதத்தில் நடந்ததை வேட் தம் அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். மெக்கன்சிப் பெருமக்கள் தூதனுப்பினர். படைக்கலம் ஒப்படைக்க அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அவற்றை மன்னரின் முறையான படையினரே பெற்றுக்கொள்ள வேண்டும், பிற குலக்குழுக்களிலிருந்து திரட்டப்பட்ட மேட்டுநிலக் காவற்படையினர் அங்கு இருத்தலாகாது என்று கேட்டனர். அரசிடம் பணிவது இழுக்கன்று. அண்டைக் குலத்தார் காணப் பணிவதே இழுக்கு. வேட் இதற்கு இசைந்தார். அவர்களது இரண்டாவது வேண்டுகோள் குத்தகை பற்றியது. மர்ச்சிசனிடம் ஏற்கெனவே செலுத்தியதை மீண்டும் கேட்கலாகாது; கேளாதிருப்பின் இனிவரும் குத்தகையை மன்னரின் அலுவலருக்கே ஒழுங்காகச் செலுத்துவோம் என்றனர். வேட் தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்களித்தார். படைக்கலங்கள் வந்தன. மெக்கன்சி நிலத்திலிருந்து பெற்றவை 784 என்று அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டில் மேட்டுநிலம் முழுவதிலும் பெற்றவை 2,685.

784 என்பது அத்துணைப் பெரிய குலக்குழுவிற்குச் சிறிய எண்ணே. நல்ல கருவிகள் பல கூரைப்புல்லுக்குள்ளும் சதுப்பு நிலத்திலும் ஒளிந்திருக்கக் கூடும். ஆகவே பிரஹானில் அரசு பெற்ற பேறு துப்பாக்கிகளில் இல்லை என்பது நம் கருத்து. கொடுத்த குத்தகையைத் திரும்பக் கேட்பார்களோ என்னும் அச்சத்தை அகற்றியதே அப்பேறு. தீக்கிரையான வீடுகளும் கிளென் ஆஃப்ரிக் மோதலும் சாதிக்காததை ஒரு மன்னிப்பு சாதித்தது. அடுத்த ஆண்டில், 1726இல், மன்னர் சீஃபோர்த்துக்கு உயிர்மன்னிப்பு அளித்தார். அவர் நாடு திரும்பினார். பட்டம் மீளவில்லை. தமக்காக ஆண்டுகள் பல குத்தகை தண்டிய மர்ச்சிசனுக்கு அவர் உரிய கைம்மாறு செய்யவில்லை என்பது அந்நிலத்து மக்களின் வழக்கு.

1740இல் சீஃபோர்த் இறந்தார். அவருடைய மகன் ஃபோர்ட்ரோஸ் பிரபுவின் பொருட்டுக் குடும்ப நிலம் அரசிடமிருந்து விலைக்கு மீளப் பெறப்பட்டது. 1745இல் மீண்டும் கிளர்ச்சி எழுந்தபோது ஃபோர்ட்ரோஸ் அரசின் பக்கமே நின்றார். அக்கிளர்ச்சிக்குப் பின் வந்த சட்டம், மரபுவழி நீதி உரிமைகளை 1748 முதல் நீக்கிற்று. நிலம் எஞ்சியது, நீதி போயிற்று.

படை எஞ்சியதா? 1778இல் ஃபோர்ட்ரோஸின் மகன் கென்னத் மெக்கன்சி, பாட்டனார் இழந்த சீஃபோர்த் பட்டத்தைப் புதிதாகப் பெற்றவர், அதே நிலத்திலிருந்து மன்னருக்காக ஒரு படைப்பிரிவைத் திரட்டினார். அதில் மெக்ரேக்கள் மிகுதி. அவ்வாண்டு செப்டம்பரில் எடின்பரோவுக்கு வந்த அவ்வீரர்கள், ஊதிய பாக்கி தீரவில்லை என்றும், தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்றும் கூறிக் கப்பலேற மறுத்தனர். நகரருகிலுள்ள ஆர்தர்ஸ் சீட் குன்றின் மேல் ஏறிச் சில நாள்கள் தங்கினர். பேச்சுவார்த்தைக்குப் பின்னரே இறங்கினர். 1781இல் அவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். வழியில் தலைவர் இறந்தார். இருநூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் பெரும்பாலும் ஸ்கர்வி நோயால் மாண்டனர். 1782 ஏப்ரலில் எஞ்சியோர் சென்னையில் கரையிறங்கினர். சர் அயர் கூட்டின் படையோடு செங்கற்பட்டில் சேர்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் ஆயுதம் ஏந்தும் நிலையில் இருந்தவர்கள் 369 பேர்.